பல்லவர் எப்போது வருவார்கள் என்று கேட்டவர்

ஏகாம்பரம் சார் போய்விட்டார்.

நேற்று காலை நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது... இன்னும் நம்ப முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: காஞ்சிபுரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் அவர். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது. ஞாயிறு காலை ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நடப்போம். பறவை, பூச்சி, செடி பார்ப்போம். மாதம் ஒரு கூட்டம்.

ஆரம்பித்தவள் நான். மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

சார் எங்களிடம் வந்து சேர்ந்ததே தவறுதலாகத்தான்.

முதல் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். அதில் 'வரலாறு' என்பதை மட்டும் பார்த்துவிட்டு, கோயில், கல்வெட்டு பற்றிப் பேசுவார்கள் என்று நம்பி வந்துவிட்டார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, முதல் வரிசை.

ஒரு மணி நேரம் தட்டான்களைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசினேன். அசையாமல் கேட்டார். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றார்.

"தட்டான் பத்தி எல்லாம் நல்லா சொன்னீங்கம்மா. பல்லவருங்க எப்போ வருவாங்க?"

ஹாலே சிரித்தது. எனக்கு மட்டும் கோபம். இந்த மனுஷன் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"ஞாயித்துக்கெழம மீட்டிங்னு வூட்ல சொல்லிட்டேன்மா. இப்போ போகலன்னா சிரிப்பாங்க."

கடைசி வரை எல்லா வெள்ளைப் பறவையும் அவருக்குக் கொக்குதான். பெயர் சொல்லிச் சொல்லி நான்தான் அலுத்துப்போனேன். ஆனால் மாடு மேய்ப்பவர், வலை வீசுபவர், யாரைப் பார்த்தாலும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்பார்... இந்தப் பறவை எப்போதிலிருந்து இங்கே வருகிறது?

வாலாஜாபாத் பக்கம் ஒருவர், நத்தைகுத்தி நாரையைத் தன் அப்பா காலத்தில் யாரும் பார்த்ததே இல்லை என்றார். சாருக்கு ஒரே குஷி.

"பாத்தியாம்மா? பல்லவருங்க வந்தாங்க, போய்ட்டாங்க. இது இப்பத்தான் வந்துக்கினு இருக்குது."

கொரோனாவுக்குப் பிறகு சங்கம் படுத்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் படத்துக்கு ஹார்ட் போட ஆள் உண்டு, விடியற்காலையில் ஏரிக்கு வர ஆள் இல்லை. ஒரு ஞாயிறு ஏனாத்தூர் பக்கம் நானும் சாரும் மட்டும். எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

"கலைச்சிடலாம் சார். என்னால முடியல."

அவர் பதறவே இல்லை. "கலைக்கலாம்மா. ஆனா அதுக்குப் பொதுக்குழு கூட்டணும். பொதுக்குழுன்னா கொறைஞ்சது இத்தினி பேர் வரணும்னு கோரம் இருக்குது. ரெண்டு பேர வெச்சிக்கினு எப்படிக் கலைக்கறது? ரூல் ஒத்துக்காது."

"அத்தினி பேர் வந்தா நான் ஏன் சார் கலைக்கச் சொல்றேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன். வா, நடக்கலாம்."

ஆள் இல்லாததால் கலைக்க முடியாமல் போன சங்கம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பல மாதம் இரண்டு பேராகவே நடந்தோம். பிறகு ஒரு டீச்சர் வந்தார், அவர் தெருக்காரர்கள் வந்தார்கள், மெல்ல ஆள் சேர்ந்தது. அப்புறமும் அலுப்பு வரும்போதெல்லாம் நான் அந்தப் பேச்சை எடுப்பேன். "அஜெண்டால இல்லம்மா" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

நேற்று செய்தி கேட்டதும் முதலில் அழுகை. அடுத்தது, உண்மையைச் சொல்கிறேன், பயம். கூட்டத்துக்கு ஸ்கூல் ஹால் கேட்பது, எந்த ஆபீசுக்கும் போய்ப் பொறுமையாக அனுமதி வாங்குவது, வராதவர்களுக்கு ஒவ்வொருவராக போன் போடுவது... எல்லாம் அவர். நான் கத்துவேன், அவர் முடித்துவிட்டு வருவார்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

தெருவை அடைத்து ஷாமியானா. கூடத்தில் அவர் மனைவி. இத்தனை வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் போனில் "சார் இருக்காரா" மட்டும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது அழுது குரலே இல்லை.

"விடியறதுக்குள்ள எழுந்து காபி போட்டுக் குடுத்து அனுப்புவேன். அப்படி என்னாதான் பாக்கறாரு அங்கன்னு ஒரு நாளும் நான் போய்ப் பாத்ததில்லம்மா. காரியம் முடியட்டும்... என்னையும் ஒரு தபா இட்டுக்கினு போறியா?"

நிறுத்தப்போகிறோம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "வாங்கம்மா, நானே வந்து கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

போய் வாங்க சார். அம்மாவையும் சங்கத்தையும் நான் பார்த்துக்கறேன்.