நாற்பத்தேழாம் நம்பர் பை

இப்போதெல்லாம் திரைச்சீலை ஆடினால் கூடப் பேய் என்று போனில் படம் பிடித்துப் போடுகிறார்கள். பாதி புளுகு. எனக்குப் பேய், பிசாசு நம்பிக்கை எதுவும் கிடையாது. இது நடந்தது. நம்பாவிட்டால் போங்கள்.

யுத்த காலம். விமானப் பயிற்சித் தளத்தில் பாராசூட் மடிக்கும் வேலை எனக்கு. மடித்தவன் தன் கையெழுத்துப் போட்ட அட்டையைப் பைக்குள் செருக வேண்டும். மடிக்கும்போது பாதியில் எழுந்து போனால், திரும்பி வந்து முழுக்கப் பிரித்து முதலிலிருந்து மடிக்க வேண்டும்.

அன்று காலை நாற்பத்தேழாம் நம்பரை மடிக்கும்போது மேற்பார்வையாளர் கூப்பிட்டார். போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு அதை வாங்க வந்தவன் என் மனைவியின் தம்பி, அங்கே பயிற்சி விமானி. பத்தொன்பது வயது. தாயில்லாமல் என் வீட்டில் வளர்ந்தவன். கட்டிலுக்கு வெளியே காலை நீட்டித்தான் தூங்குவான், அவ்வளவு உயரம்.

“நீங்க மடிச்சதா மாமா? அப்ப நான் குதிக்கவே மாட்டேன். அக்காகிட்ட சொல்லிடுங்க.”

“போடா வாயாடி. ஒழுங்கா திருப்பிக் கொண்டு வந்து வை.”

மழை பிடித்தது.

ஐந்து ஐம்பது. பை கொடுத்து வாங்கும் ஜன்னல் பலகையில் சத்தம். டக்... டக்...

அவன்தான். பை பலகைமேல் இருந்தது. வெளியே கொட்டுகிறது, சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

“ஏன்டா இவ்வளவு நேரம்?”

பையைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

“பிரிச்சுப் பாருங்க மாமா.”

“எதுக்கு?”

“பாதியில விட்டீங்களே...”

நிமிர்ந்தேன். ஆள் இல்லை.

பூட்ஸ் சத்தமும் இல்லை.

பையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மேஜையில் போட்டுப் பிரித்தேன். கயிறு கயிறாக எண்ணினேன். இருபத்துநாலும் சரி. ஒன்றும் சிக்கவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு மேற்பார்வையாளர் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

“உன் மச்சான்...”

“இப்பத்தான் வந்துட்டுப் போனான்.”

“என்னய்யா உளர்ற? நாலேகாலுக்கே அவன் விமானம் விழுந்துடுச்சு, ஆளும் போயிட்டான்.”

திரும்பினேன். மேஜை காலி.

பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. ஐந்து ஐம்பது என்று அவன் கையாலேயே எழுதியிருந்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. விளக்கை அணைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்க மடிச்சதா?”

“ஆமா.”

மறுநாள் காலை பையைக் கொண்டு வந்தார்கள். நாற்பத்தேழு. உள்ளே என் கையெழுத்திட்ட அட்டை. இழுக்கிற கைப்பிடி அவன் விரல்களுக்குள் இருந்ததாம். குதித்திருக்கிறான். இழுத்திருக்கிறான். விரியவில்லை. உயரம் போதவில்லை என்று அதிகாரி எழுதிவிட்டார்.

ஈரத் துணி, கயிறோடு மூட்டையாக மேஜையில் கிடந்தது.

“பிரிச்சுப் பாக்குறியா?” என்றார் மேற்பார்வையாளர்.

“நேத்தே பாத்துட்டேன். சரியாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.