கேட்டதை மட்டும் கட்டிய மாதங்கள்

மாதம் எட்டாம் தேதி ஆனால் என் வீட்டுக்காரர் போனில் ஒரு மெசேஜ் வரும், கார்டுக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று. அவர் திருச்சியில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறார். கீரனூர் போய் பஸ் பிடித்துப் போய்வருகிறவர். வீட்டுக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டுவார். எங்கள் வீட்டில் கணக்கு என் பொறுப்பு. எட்டாவது வரைதான் படித்தேன் என்றாலும், மகளிர் குழுவின் கணக்கு நோட்டு பத்து வருஷமாக என் கையில் இருக்கிறது. ஒரு ரூபாய் பிசகியதில்லை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

குழுவில் கடன் கொடுக்கும்போதே வாரத்துக்கு இவ்வளவு, ஐம்பது வாரம் என்று சொல்லிவிடுவார்கள். கேட்டதை விடாமல் கட்டினால் ஐம்பதாவது வாரம் கடன் முடிந்தது. எனக்குத் தெரிந்த கடன் எல்லாம் அப்படித்தான். கார்டும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்தக் கார்டைக் கடை முதலாளி சம்பளம் போடுகிற பேங்கில்தான் கொடுத்தார்கள். வெகு நாள் அது பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. மகன் பைக்கில் விழுந்து கால் முறிந்த அன்றுதான் வெளியே வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் பணம் கட்டினால்தான் ஆபரேஷனுக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். வீட்டுக்காரர் கவுன்டரில் நின்று கார்டைத் தேய்த்தார், நாற்பத்தெட்டாயிரம். நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். "மாதாவே, என் பிள்ளை கம்பு ஊன்றாமல் நடந்துவிட்டால் உன் திருவிழாவில் ஒருநாள் உபயம் எங்கள் வீட்டுச் செலவு" என்று நேர்ந்துகொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. அவர் அங்கே கையெழுத்துப் போட்டார், நான் இங்கே வாக்குக் கொடுத்தேன்.

பிள்ளை ஏழு மாதத்தில் கம்பில்லாமல் நடந்தான். நான் கோயிலில் போய்ப் பெயர் கொடுத்தேன். எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். மாதா கோயில் திருவிழா ஒன்பது நாள், நாளுக்கு ஒரு வீடு. பூசைக் காணிக்கை, பூ, லைட்டு, மேளம், அப்புறம் ஊருக்கே சாப்பாடு. லிஸ்ட்டில் முறைப்படிதான் வரும். வந்த நாளை வேண்டாம் என்றால் பெயர் கடைசிக்குப் போய்விடும். அடுத்த வருஷம் திருவிழாவில் ஆறாம் நாள் எங்களுக்கு என்று சொன்னார்கள். அன்றே ஒரு சீட்டில் சேர்ந்தேன், திருவிழாச் செலவுக்காக.

கார்டுக்கு முதல் மெசேஜில் இரண்டாயிரத்து நானூறு கட்டச் சொல்லியிருந்தது. இருபது மாதத்தில் முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். அடுத்தடுத்த மாதம் அந்தத் தொகை இருபது முப்பது ரூபாய் குறைந்தே வந்தது. குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். கட்டிய அன்று மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். மெசேஜில் மேலே இன்னொரு பெரிய தொகையும் இருக்கும். அது கார்டில் எவ்வளவு தேய்க்கலாம் என்கிற லிமிட் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

பதினெட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரரின் தங்கச்சி பூசை முடிந்து சாப்பிட வந்தாள். கீரனூரில் டீச்சர். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே நான் பெருமையாகச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக் கடன் இன்னும் ரெண்டே மாசந்தாம்மா. முடிஞ்சிரும்."

"பரவாயில்லையே அண்ணி! எங்கண்ணன் கடனைக்கூட முடிப்பாரா? எங்கிட்ட வாங்குன இஸ்திரிப் பெட்டியவே இன்னும் தரல."

"அது ரிப்பேரு புள்ள" என்றார் அவர்.

"குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு? சரி, போனைக் குடுங்க, எவ்வளவு பாக்கின்னு பாப்போம்."

இடது கையால் போனை வாங்கிப் பார்த்தாள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, ரெண்டு மாசத்துல எப்படி முடியும்? முப்பத்தொம்பதாயிரத்துச் சொச்சம் நிக்குது."

"அது லிமிட்டும்மா."

"லிமிட்டு இல்ல அண்ணி. நீங்க குடுக்க வேண்டியது. மொத்தமும்."

"பதினெட்டு மாசமாக் கேட்டதைக் கேட்ட தேதியில கட்டியிருக்கேன்!"

"கேட்டது மினிமம் அண்ணி. கொறஞ்சது இவ்வளவாவது கட்டுங்கன்னு அர்த்தம். அதை மட்டும் கட்டுனா மிச்சத்துக்கு மாசாமாசம் வட்டி ஏறும். நீங்க கட்டுனதுல முக்காவாசி வட்டிக்கே போயிருக்கு. நானும் கார்டு வச்சிருக்கேன், ஒரு மாசமும் பைசா பாக்கி வைக்க மாட்டேன்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கடைசியில் வீட்டுக்காரர்தான் சொன்னார், "ஒன்னையச் சொல்லி என்ன செய்ய. போனை ஒங்கிட்டக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்." திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. மற்றவர்களெல்லாம் முழுசாகக் கட்டுகிறார்களா? வீட்டுக்காரரை அவர் கடையில் கேட்டு வரச் சொன்னேன். கார்டு வைத்திருக்கிற ஐந்து பேரில் ஒருவர், "முழுசாக் கட்டுறவனுக்குக் கார்டு எதுக்கு?" என்று சிரித்தாராம். இரண்டு பேர் பேச்சை மாற்றிவிட்டார்களாம். ஒருவர் மட்டும் முழுசும் கட்டுகிறேன் என்றாராம். இன்னொருவர் சாயந்திரம் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று கார்டு இருக்கிறது, ஒன்றில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டுகிறேன், வீட்டில் தெரியாது என்றாராம். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்கிற ஜனங்கள் நாம். இதை மட்டும் சொல்வதில்லை. நானே பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், பூசை தவறியது எல்லாம் சொல்கிறேன். இதைச் சொல்ல ஒருநாளும் தோன்றியதில்லை. அது பாவமா என்றும் தெரியவில்லை.

திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அந்த வாரம்தான் சீட்டுப் பணம் கைக்கு வந்தது, நாற்பதாயிரம். கார்டு பாக்கிக்கும் அதற்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

"மாதாவுக்குன்னு எடுத்து வச்சதை பேங்குக்குக் கட்டுறதா?" என்று நான் கேட்டேன்.

"உபயத்தை நடத்திருவோம். கார்டு எப்பயும் போல ஓடட்டும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அவர்.

யாருக்கும் தெரியாது என்பது நிஜம். ஊரே சாப்பிட்டுவிட்டுப் போகும். மைக்கில் எங்கள் குடும்பத்தின் பேரைச் சொல்வார்கள். நான் பட்டுச்சேலை கட்டி முன் வரிசையில் நிற்பேன். அடுத்த எட்டாம் தேதி மறுபடியும் மெசேஜ் வரும். ஊருக்குப் போடுகிற சோறு வட்டியில் வெந்த சோறு என்று எனக்குத் தெரியும். மாதாவுக்கும் தெரியும். மூன்று நாள் ஜெபமாலை சொன்னேன். பதில் ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் ஒன்று தோன்றியது. பேங்குக் கடனுக்கு நாளுக்கு நாள் வட்டி ஏறும். மாதாவுக்குச் சொன்னது சொன்ன அளவிலேயே நிற்கும், அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். இது சரியான நியாயமா, எனக்குத் தோதாக நான் சொல்லிக்கொண்டதா, இன்றுவரை பிடிபடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கோயில் கமிட்டிப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். முறைக்கு எனக்கு மாமா.

"என்னத்தா, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சா?"

"மாமா, இந்த வருசம் எங்களால முடியாது. அடுத்த வீட்டுக்குக் குடுத்துருங்க."

"வெளையாடுறியா? பேரு கடைசிக்குப் போயிரும்த்தா. ஒன் பேரன் வந்துதான் நடத்தணும்."

"பேரன் நடத்தட்டும் மாமா."

"ஏன், என்ன வந்துச்சு?"

சொன்னேன். கார்டு, மெசேஜ், பதினெட்டு மாதம், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரைச் செலவு கமிட்டியில தாரோம், பேரு ஒன் பேராவே இருக்கட்டும்" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

மறுநாள் கார்டை முழுசாகக் கட்டினோம். மெழுகுவர்த்தி ஏற்றக் கை வரவில்லை.

ஆறாம் நாள் வந்தது. மைக்கில் வேறு வீட்டுப் பேரைச் சொன்னார்கள். பூசையில் பின்வரிசையில் முழங்காலில் நின்றேன். முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். பந்தியில் பரிமாற ஆள் பற்றவில்லை என்று சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினேன்.

மூன்றாவது வரிசையில் எங்கள் குழுவில் இருக்கிற ஒரு பெண். "ஏக்கா, இன்னைக்கு ஒங்க உபயம்னுல்ல சொன்னாங்க? என்ன ஆச்சு?" என்றாள், பக்கத்து இலைக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். "கார்டுக் கடன் இருந்துச்சு. மினிமம் மட்டும் கட்டிக்கிட்டு, கடன் தீருதுன்னு நெனச்சிருந்தேன். சாமி காசை எடுத்துத்தான் அடைச்சோம்" என்றேன், நானும் அதே சத்தத்தில்.

அவள் இலையில் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். "பந்தி முடிஞ்சதும் கொஞ்சம் பேசணும்க்கா" என்றான் மெல்ல.

"இங்கிட்டுதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.