சுளுக்கிய காலில் வந்த பாஸ் மார்க்

நம்ம அய்யனாரைக் கும்பிடுகிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். நான் கீரமங்கலம் பக்கத்துக்காரன். தீயணைப்புத் துறையில் பதினாறு வருஷமாக வேலை. போன வைகாசியில் நான் கிடந்த கிடப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சோறே இறங்கவில்லை.

மூன்று வருஷம் முன்னால் எனக்குப் படிப்பாசை வந்தது. அவசரச் சேவைத் தலைமை என்று ஒரு பட்டப்படிப்பு, தபால் வழியில். தீ, வெள்ளம், விபத்து என்று எது நடந்தாலும் அங்கே வேலை பார்க்கிறவர்களை எப்படி நடத்துவது என்று சொல்லித் தருகிற படிப்பு. எங்கள் வம்சத்தில் காலேஜுக்குள் போன முதல் ஆள் நான்தான். அதுவும் லேபில் புகை வருகிறது என்று வண்டியோடு போனது. அப்படிப்பட்ட நான் பட்டம் வாங்கக் கிளம்பினேன்.

எழுத்துப் பரீட்சைகளைத் தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டேன். மாட்டிக்கொண்டது கடைசிச் செய்முறைத் தேர்வில். மைதானத்தில் வைக்கோலைக் குவித்துக் கொளுத்துவார்கள். நமக்குக் கீழே நான்கு பேர். தலைவன் தள்ளி நின்று, பார்த்து, உத்தரவு போட வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் விதி.

முதல் தடவை நெருப்பைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கிவிட்டேன். பிரமாதமாக அணைத்தேன். முட்டை மார்க். இரண்டாவது தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம் தாங்கியது. அப்புறம் பார்த்தால் குழாய் என் கையில் இருக்கிறது. தேர்வு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ரொம்ப நல்ல ஃபயர்மேன் சார். அதான் பிரச்சினையே" என்றார்.

மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதுவும் போனால் மூன்று வருஷப் படிப்பும் போச்சு. என் மனைவி செல்வி, "பக்கத்து வீட்டுல சாம்பிராணி போட்டாக்கூட வாளியோட ஓடுற ஆளு நீங்க. ஒங்களை ஒரு இடத்துல நிக்க வைக்க அந்த அய்யனாராலதாங்க முடியும்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது.

கோயிலுக்குப் போய் விழுந்தேன். கூச்சப்படாமல் சொல்கிறேன், அழுதேன். "அப்பனே, நீ ஒக்காந்த எடத்துல இருந்தே ஊரைக் காக்குற. எனக்கு நிக்கக்கூடத் தெரியல. என்னை நிக்க வச்சிரு. இந்த வருஷம் புரவியெடுப்புல குதிரைக்குத் தோள் குடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது புரவியெடுப்பு வந்தது. பானை வனைகிற வேளார் செய்த மண்குதிரைகளை ஊரே தோளில் சுமந்து அய்யனாரிடம் சேர்க்கிற நாள். குதிரையைப் பத்திரமாக இறக்கி வைத்தேன். நிமிர்ந்தால் கோயிலுக்குப் பின்னால் புகை. நினைக்க ஏது நேரம், ஓடினேன். அங்கே பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்குத் தோண்டிய பள்ளம் ஒன்றில் என் கால் இறங்கி, அப்படியே மடங்கிவிட்டது.

ஒரு அக்கா என்னைத் தூக்கிவிடுவதற்கு முன்னால், "பானை ஒடையலையே?" என்று கேட்டது.

கணுக்கால் வீங்கி, கட்டுப் போட்டு, கையில் ஊன்றுகோல். எனக்கு வந்ததே கோபம். "நிக்க வைக்கச் சொன்னா நொண்ட வச்சுட்டியே" என்று அய்யனாரிடமே சண்டை போட்டேன். இனிமேல் தேர்வா, படிப்பா என்று விட்டுவிட்டேன். செல்விதான் வம்படியாகப் பஸ் ஏற்றி அனுப்பினாள்.

நெருப்பு வைத்தார்கள். உடம்பு ஓடப் பார்த்தது. கால் ஓடவிடவில்லை. சுரீர் என்று ஒரு வலி, அங்கேயே நின்றுவிட்டேன். வேறு வழியில்லாமல் பார்த்தேன். பதினாறு வருஷத்தில் ஒரு நெருப்பை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை நான் பார்த்ததெல்லாம் மூக்குக்கு முன்னால் இருந்த நெருப்பு.

காற்று திரும்பியது. இடப்பக்கம், எனக்குக் கீழே கொடுத்த நான்கு பேரில் ஒருவன், எங்கள் நிலையத்து முருகேசன் புகைக்குள் குழாயோடு நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் காய்ந்த புல்லில் நெருப்பு ஊர்கிறது. அவனுக்கும் தெரியவில்லை, மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை, மறுபக்கம் நின்ற தேர்வு அதிகாரிக்கும் தெரியவில்லை. இது தேர்வில் வைத்த நெருப்பு இல்லை.

"முருகேசா, குழாயைப் போட்டுட்டு இங்கிட்டு ஓடியா. மத்தவங்க அங்கிட்டுப் புல்லுல தண்ணி அடிங்க" என்று கத்தினேன். இருமிக்கொண்டே ஓடி வந்தான். அவன் நின்ற இடத்தில் அடுத்த நொடி நெருப்பு ஆளுயரம் எழுந்தது.

எல்லாம் அணைந்த பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியலண்ணே" என்றான். என் கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் நானும் அவனோடு அந்தப் புகைக்குள் நின்றிருப்பேன். எங்களைக் கூப்பிட அன்றைக்கு வெளியே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பாஸாகிவிட்டேன். பட்டமும் வந்துவிட்டது. ஆனால் நான் அய்யனாருக்கு நன்றி சொல்வது முருகேசனுக்காக. இப்போது கால் குணமாகிவிட்டது. ஆனாலும் எங்கே போனாலும் வண்டியை விட்டு இறங்கியதும் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். கூட இருக்கிற பையன்கள் என்னைவிட நன்றாக நெருப்பை அணைக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

உங்களுக்கும் மனசில் ஒரு பாரம் இருக்கும். அவரிடம் கொண்டுபோய் இறக்குங்கள், அழுகை வந்தால் அழுங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். அவர் தருவது கொஞ்சம் வலிக்கலாம். வாங்கிக்கொள்ளுங்கள்.