கழுத்தைப் பார்த்தார் பிரின்ஸிபால்

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் சாப்பிட வந்தார். மதராஸில் ஒரு கல்லூரிக்கு பிரின்ஸிபால். கட்டட நிதி திரட்ட மலாயா வந்திருக்கிறார். நம்மைத் தேடி வேறு எதற்கு வரப்போகிறார்கள்?

என் தங்கை ஸ்டெல்லா மதராஸில் வேறொரு கல்லூரியில் ரசாயனம் படித்து பி.ஏ. தேறியவள். எம்.ஏ. படித்தே ஆகவேண்டும் என்று நிற்கிறாள். ஃபீஸ் கட்ட வழி? ரப்பர் விலை விழுந்ததும் ரயில்வேயில் ஆள்குறைப்பு... அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குவார்ட்டர்ஸை மட்டும் இன்னும் காலி செய்யச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வழி உண்டு. இந்தப் பிரின்ஸிபாலின் கல்லூரியில் எம்.ஏ. மாணவர்கள் சிலருக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை தருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குச் சோதனை செய்து காட்டினால் ஃபீஸ் கிடையாது. சாப்பாட்டுக்கும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கு எழுதி எழுதி ஸ்டெல்லாவின் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது ஆளே நேரில் வருகிறார் — விடுவோமா?

இங்கேதான் அப்பா நம் குவார்ட்டர்ஸ் புத்தியைக் காட்டினார். எங்கள் பாயைச் சுருட்டி ஒளித்தாயிற்று; ஒரு வீட்டிலிருந்து நாற்காலி, இன்னொரு வீட்டிலிருந்து பீங்கான் தட்டு. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவின் இரட்டைவடச் சங்கிலி ஸ்டெல்லாவின் கழுத்துக்கு வந்தது.

"வெறுங்கழுத்தோட நின்னா அவரு என்ன நினைப்பாரு?" என்றார் அப்பா.

உங்கள் வீட்டில் இப்படி நடந்ததே இல்லை என்று சத்தியம் செய்யுங்கள், பார்ப்போம்!

பிரின்ஸிபால் கோழிக்கறியை ரசித்துச் சாப்பிட்டார். ஸ்டெல்லா வேலையைப் பற்றிக் கேட்டாள். அவர் சங்கிலியைப் பார்த்தார்... நாற்காலிகளைப் பார்த்தார்... சிரித்தார்.

"ஏம்மா, அது ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு வச்சிருக்கிற வேலை. உங்க மலாயாவிலே பவுனுக்கா பஞ்சம்?"

இரவல் நகை என்று அப்பா எப்படிச் சொல்வார்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் பேசுவதற்குள் ஸ்டெல்லா சங்கிலியைக் கழற்றி, பரிமாறிக்கொண்டிருந்த செல்லம்மா அக்காவின் கையில் வைத்துவிட்டாள்.

"இந்தாங்க அக்கா, உங்க நகை."

"ஐயோ, இப்ப என்ன அவசரம் லா!" என்று அக்கா பதறினார்.

பிரின்ஸிபாலின் குரல் சட்டென்று குழைந்தது. "அடடா... கஷ்டப்படுற குடும்பமா? பாவம், யோசிக்கலாம்மா."

"பாவம் பார்க்க வேணாம் சார். நான் கேட்டது வேலை. சோதனை செஞ்சு காட்டத் தெரியுமான்னு கேளுங்க. என் கழுத்துல என்ன இருக்குன்னு எதுக்கு சார் பார்க்கறீங்க?"

மதராஸ் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அனுப்புவாரோ, மாட்டாரோ... யார் கண்டது?

ஒன்று மட்டும் புரிந்தது. நகை போட்டுக்கொண்டு கேட்டால் 'உனக்கு எதற்கு?' என்கிறார்கள். கழற்றிவிட்டுக் கேட்டால் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். ரசாயனம் தெரியுமா என்று கடைசிவரை ஒருவரும் கேட்பதில்லை! எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்டெல்லா அசரவில்லை. மறுநாளே வேறு கல்லூரிகளுக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள். அப்பாதான் பயந்துபோயிருக்கிறார்.

"இன்னொரு பிரின்ஸிபால் வந்தா என்னம்மா செய்யறது?"

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வரட்டும்பா. நம்ம பாயிலேயே உட்காரட்டும்."