மூலையில் இருந்தது மஞ்சள் அல்ல

பாகாலா ஸ்டேஷனில் சித்தூர் ரயிலுக்காக நின்றிருந்தேன். எங்கள் பழைய பட்டறையில் கண்ணாடி தேய்த்த முனுசாமி ஓடிவந்து கையைப் பிடித்தான். "எஸ்தரம்மா பூட்டாங்கப்பா. நேத்து சித்தூர்ல அடக்கம் பண்ணிட்டாங்க." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இந்த மனுஷிக்கு அப்படி என்ன அவசரம்?

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு இருக்க அவருக்கு வராது. திருப்பதியில் இருந்த அந்தச் சின்ன லென்ஸ் பட்டறையில் அவர்தான் வடிவமைப்பாளர். நான் லென்ஸுக்குக் குழல் கடைபவன். நகலெடுக்கும் இயந்திரத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ் செய்தோம். பக்கத்தை அதே அளவிலும் எடுக்கவேண்டும், சுருக்கியும் எடுக்கவேண்டும். கைக்குள் அடங்கவேண்டும், விலையும் மலிவாக இருக்கவேண்டும். ஐந்து கண்ணாடிகளில் அதை அழகாக முடித்திருந்தார். "ஒண்ண எடுத்துடும்மா, குடியா முழுகிடும்?" என்றார் முதலாளி. எஸ்தரம்மா மல்லுக்கட்டினார். "நடுவுல எந்த லென்ஸும் நல்லாத்தான் காட்டும் சார். சுருக்கிப் பாருங்க, மூலை கெட்டுப்பூடும்." கேட்க ஆளில்லை. நான்கிலேயே செய்தோம்.

மெட்ராஸிலிருந்து இயந்திரக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் நாங்கள் எல்லோரும் தெருவில். முதல் நகல் மங்களமாக இருக்கட்டும் என்று முதலாளி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை இயந்திரத்தில் வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. சுருக்கி எடுத்த நகலில் நான்கு மூலையும் மங்கிக் கலங்கியிருந்தன. "மஞ்சள் சார்!" என்று முதலாளி சிரித்தார். வந்தவர்களும் சிரித்துத் தலையாட்டினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பியது.

"அது மஞ்சள் இல்ல சார், லென்ஸு," என்றார் எஸ்தரம்மா.

அடிப்பாவி! மஞ்சள் படாத ஓர் அச்சுத்தாளை வைத்து எடுத்தும் காட்டினார். மூலை எழுத்துகள் அதேபோலக் கலங்கல். ஐந்தாவது கண்ணாடியைச் சேர்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். விலை கூடும் என்றதும் வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பொங்கலுக்குள் பட்டறையை மூடினார்கள்.

மூடிய அன்று முனுசாமி வாயில் வந்தபடி அவரை ஏசினான். நின்று கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். "நீயும் திட்டிட்டுப் போப்பா. மூஞ்சத் தூக்கிக்கினு மட்டும் போவாத." நான் மூஞ்சைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். அந்த வருஷமே என் பெண்ணின் படிப்பை நிறுத்தி அப்பளக் கம்பெனிக்கு அனுப்பினேன்.

பாகாலாவில் கேட்ட செய்தியை வீட்டில் சொன்னதும் அவள்தான் கேட்டாள்.

"அந்தம்மா சும்மா இருந்திருந்தா நான் படிச்சிருப்பேனா நைனா?"

"படிச்சிருப்பே."

"அப்போ அவங்க சொன்னது தப்பா?"

"இல்லம்மா."

எஸ்தரம்மா எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டு பதில்களும்தான்.