அட்டைப்படம்

எங்கள் மூவரில் வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்காதவள் நான் ஒருத்திதான். அவை என்னை மதித்ததே இல்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் குழாய் வளையங்களை மாட்டிவிட்டால் கடுகளவு பூச்சியும் கண்ணை நிறைக்கும். ஆனால் மூச்சு விட்டாலே படம் கலங்கிவிடும். உடம்பையே மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். அதற்குள் வண்ணத்துப்பூச்சி பள்ளிவாசல் ஊரையே தாண்டியிருக்கும்.

கேமரா, சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்பில் இருந்த ஓவர்சியருடையது. பாலக்காட்டுக்குக் கிழக்கே விவசாயக் குடும்பத்துக்காரர். இன்னொருவர் தேவிகுளத்துப் பள்ளி ஆசிரியர். நான் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிறு பூசை முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இவர்களோடு புல்லில் குப்புறப் படுத்துவிடுவேன். பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் ஒரு மழைக்காலத்தில், ஓடைக்கரையில் ஓர் அட்டை என் கணுக்காலில் ஏறியது. உப்பை எடுக்கப் போன கை நின்றது. இந்த மலையில் எனக்காக அசையாமல் இருக்கும் ஒரே பிராணி இதுதானே? வயிறு நிறையும்வரை எங்கும் போகாது. முழங்காலை மடக்கி, கேமராவைக் கணுக்காலருகே கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், ரத்தம் குடிச்சிட்டிருக்குதுங்க," என்றார் ஓவர்சியர்.

"குடிக்கட்டும். சும்மா உக்காந்து படம் குடுக்குமா?"

அவர் வீட்டுக் குளியலறையில், சிவப்பு விளக்கின் கீழே படம் மெல்ல எழும்பி வந்தது. பளபளவென்று புடைத்த உடம்பு. அதன் கீழே என் கால்: வெடித்த தோல், அட்டைக்குப் பயந்து பூசிய சுண்ணாம்புத் தீற்றல், பழைய கடித் தழும்புகள். நர்ஸ் படிக்கப் போகும்முன், தொழிலாளர் லயத்தில் அம்மாவோடு இருந்து கொழுந்து கிள்ளிய கால் அது. எனக்கு அது அழகாகவே இருந்தது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த ஆண்டு எஸ்டேட் கிளப் கண்காட்சியில் புகைப்படங்களும் வைக்கலாம் என்றார்கள். சிறந்த படம் விழா மலரின் அட்டையில் வருமாம். "அப்ப அட்டைப்படம் உங்களுதுதானுங்க," என்று ஓவர்சியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிளப் செயலாளர் எங்கள் உதவி மேனேஜர். படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அட்டை இருக்கட்டும் சிஸ்டர். கால் வேண்டாம். காலை வெட்டிட்டா மாட்டலாம்."

"ஏன் சார்?"

"அட்டை மட்டும் இருந்தா இயற்கை. காலோட இருந்தா யூனியன் நோட்டீஸ் மாதிரி இருக்கு. எந்த லயத்துப் பொம்பளையோட கால் இது?"

சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் சற்றுத் தூக்கிக் காட்டினேன். "எங் காலு சார். காலு இல்லாம அட்டை என்னத்தக் குடிக்கும்?"

கூட வந்திருந்த ஆசிரியர் நடுவில் புகுந்தார். "க்ளோசப்னாலே வேண்டாதத வெட்டுறதுதான சிஸ்டர்? அட்டை மட்டும் நின்னா படம் இன்னும் நல்லாருக்கும்."

வேண்டாதது என்று அவர் சொன்னது என் காலை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆசை இல்லாமல் இல்லை. என் அம்மாவைப் படியேற விடாத அந்தக் கிளப் ஹாலில் என் படம் தொங்க வேண்டும் என்று ரொம்பவே ஆசைப்பட்டேன். ஒரு கத்தரி வெட்டில் கிடைத்திருக்கும். படத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஓவர்சியர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சுருளோடு வந்தார். நாலு தாளை ஒட்டி, அதே படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்.

"காலுல ஒரு எடங்கூட வெட்டலீங்க. எங்கீங்க மாட்டறது?"

ஊசிக்குப் பெண்கள் வரிசையில் நிற்கும் வராந்தாவில் ஆணி அடித்தேன். கீழே 'அட்டைப்படம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கொழுந்துக்காரிகள் அதன் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "எங்கிட்ட இதவிடப் பெருசு ஏறுச்சு சிஸ்டர். கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்லா," என்றாள் ஒருத்தி.

கழற்றச் சொல்லி ஆள் வந்தது. ஏணி இல்லை என்றேன். ஏணி வந்தது. ஆணியைப் பிடுங்கினால் காரை பெயரும் என்றேன். கடைசியில் உதவி மேனேஜரே வந்து நின்றார். வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் பயம்தான்.

"நீங்களே கழட்டிக்கோங்க சார். இவங்க பாக்கட்டும்," என்றேன்.

வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. திரும்பிப் போனார்.

ஆசிரியரோடு கொஞ்ச நாள் பேசவில்லை. மழை விட்டதும் மூவரும் பழையபடி புல்லில் படுத்தோம். கண்ணில் பட்ட முதல் அட்டையை அவர் கால் பக்கம் தள்ளிவிட்டேன்.

விழா மலரின் அட்டையில் வந்தது ஆசிரியர் எடுத்த காட்டுப் பூ. நல்ல படம்தான். அந்த மலரின் அட்டை யார் வீட்டில் எப்போது கிழிந்ததோ, தெரியாது. என் அட்டை, சுவருக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் இறங்கி மறுபடி ஏறியது. நான் ஓய்வு பெறும்வரை அது காலை விடவே இல்லை.