ராகு காலத்தில் போன டெண்டர்
கார்த்திகை தீபத் திருவிழாவுக்குப் பந்தல் போட, கோயிலில் ஆன்லைனில் டெண்டர் கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை மதியம் மூன்று மணியோடு முடிகிறது. எங்கள் பந்தல் கடைக்கு அந்த வருடம் வேறு பெரிய வேலை இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சான்றிதழ்களை எல்லாம் ஏற்றி முடித்தபோது மணி ஒன்று நாற்பது.

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. மூணு மணிக்கு அனுப்பலாம்" என்றார் கணவர்.

"மூணு மணிக்கு மூடிடுவாங்கங்க!"

"டாண்ணு மூணு அடிக்கும்போது தட்டிடலாம். நீ ஜாஸ்தி பயப்படற" என்று சாப்பிடப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மணிக்கு நானே அனுப்பிவிட்டேன். மூன்று அடிக்கும்போது அவர் திருநீறு பூசி வந்து மவுஸைத் தட்டினார். அனுப்பியாயிற்று என்று திரையில் முன்பே இருந்தது.

"பாத்தியா, கரெக்டா போயிடுச்சு."

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். டெண்டர் பிரிக்கும்வரை ஒரே கவலைதான்: கிடைக்காமல் போனால், நான் அனுப்பிய நேரம்தான் காரணமோ?